100 எம்பிபிஎஸ் இருந்தும் வீடியோ கால் ஏன் உறைகிறது?

ஸ்பீட் டெஸ்ட் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது. அதே இணைப்பில் வீடியோ கால் போட்டால் எதிரில் இருப்பவர் பாதி வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிடுகிறார். கிரிக்கெட் நேரலையில் கடைசி ஓவரில்தான் திரை சுற்ற ஆரம்பிக்கிறது. 720பி வீடியோ காலுக்கு 1 முதல் 2 எம்பிபிஎஸ் போதும். 1080பி படத்துக்கு 5, 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் என்பதுதான் நெட்ஃபிளிக்ஸின் பரிந்துரை. காசு கொடுத்து வாங்கியிருப்பது அதைவிடப் பல மடங்கு. அப்படியும் தடங்கல் வருகிறது என்றால், கோளாறு வேகத்தில் இல்லை. ஸ்பீட் டெஸ்ட் பெரிதாகக் காட்டாத வேறு அளவுகளில் இருக்கிறது.

## சேவைத் தரம் வேறு, பயனர் அனுபவம் வேறு

இணையத்தில் போகும் எல்லாமே சிறு சிறு பாக்கெட்டுகளாக நறுக்கப்பட்டுத்தான் போகின்றன. வலையமைப்பு அந்தப் பாக்கெட்டுகளை எப்படி நடத்துகிறது என்பதே சேவைத் தரம். அதை நான்கு அளவுகளில் சொல்லலாம்.

1. அகலம்: ஒரு விநாடியில் எத்தனை பிட் கடக்கும் என்பது. விளம்பரத்தில் வரும் எம்பிபிஎஸ் இதுதான்.
2. தாமதம்: ஒரு பாக்கெட் போய்ச் சேர ஆகும் நேரம், மில்லி விநாடியில். பிங் என்ற சோதனைக் கட்டளை காட்டுவது போய்வரும் நேரத்தை.
3. ஜிட்டர்: அந்தத் தாமதம் பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும் அளவு. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று விட்ட பஸ், அரை மணி நேரம் வராமல் இருந்துவிட்டு மூன்றும் ஒன்றாக வந்து நிற்குமே, அதுதான் ஜிட்டர்.
4. இழப்பு: வழியிலேயே தொலையும் பாக்கெட்டுகளின் சதவீதம்.

பயனர் அனுபவம் இதன் மறுமுனை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு, ஒரு சேவையைப் பயன்படுத்துபவருக்கு ஏற்படும் மகிழ்ச்சி அல்லது எரிச்சலின் அளவு என்றே இதை வரையறுக்கிறது. இதை அளக்கும் பழைய முறை ‘மாஸ்’ எனப்படும் சராசரிக் கருத்து மதிப்பெண். ஆட்களை உட்கார வைத்து ஒலியையோ படத்தையோ போட்டுக் காட்டி, 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். இன்று மென்பொருள்கள் காட்டும் ‘மாஸ் 4.2’ போன்ற எண்கள் யாரையும் கேட்டு வந்தவை அல்ல. தாமதத்தையும் இழப்பையும் ஒரு சூத்திரத்தில் போட்டுக் கணித்தவை. அவற்றை மதிப்பீடாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல.

இரண்டுக்கும் இடையிலான உறவு நேர்க்கோடு அல்ல. 2 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 4-க்குப் போனால் படத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். 50-லிருந்து 100-க்குப் போனால் பில்லில் மட்டும்தான் தெரியும்.

## நேரலை: தொட்டியும் துண்டுகளும்

ஓடிடி வீடியோ தொடர்ச்சியான ஓட்டமாக வருவதில்லை. ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த எச்எல்எஸ், 2012-இல் தர நிர்ணயமான டாஷ் இரண்டுமே வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டுகின்றன. ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் தயாராக இருக்கும். அடுத்த துண்டை எந்தத் தரத்தில் எடுப்பது என்று முடிவு செய்வது உங்கள் போனில் உள்ள பிளேயர்தான், சர்வர் அல்ல. இறங்கிய துண்டுகள் பஃபர் என்ற தொட்டியில் சேரும். தொட்டியிலிருந்து திரைக்குப் போகும்.

திரை எப்போது சுற்றும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். துண்டு 6 விநாடி, தரம் 5 எம்பிபிஎஸ், ஆக ஒரு துண்டு 30 மெகாபிட். தொட்டியில் 18 விநாடி இருப்பு. இப்போது வேகம் 3 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு துண்டு இறங்க 10 விநாடி ஆகும், அதனால் கிடைப்பது 6 விநாடிப் படம். முதல் துண்டுக்குப் பிறகு இருப்பு 14, அடுத்து 10, அடுத்து 6. நான்காவது துண்டு இறங்கும்போது ஆறாவது விநாடியில் தொட்டி வற்றிவிடும். மீதி 4 விநாடி திரை சுற்றும். இதற்குள் பிளேயர் 2.5 எம்பிபிஎஸ் தரத்துக்கு இறங்கியிருந்தால் துண்டு 5 விநாடியில் வந்திருக்கும். தொட்டி மெல்ல நிறையத் தொடங்கியிருக்கும். படம் கொஞ்சம் மங்கும், ஆனால் நிற்காது.

மங்கலா, நிற்பதா என்றால் மங்கலே மேல். இது வெறும் ரசனை சார்ந்த கருத்து அல்ல. இணைய உள்ளடக்கத்தைப் பயனர்களுக்குக் கொண்டுசேர்க்கும் அகமாய் நிறுவனத்தின் வலையமைப்புத் தரவுகளை வைத்து ஷண்முக கிருஷ்ணனும் ரமேஷ் சீதாராமனும் 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வீடியோ தொடங்க 2 விநாடிக்கு மேல் ஆனால் ஆட்கள் கிளம்பத் தொடங்குகிறார்கள். அதன்பின் கூடும் ஒவ்வொரு விநாடிக்கும் வெளியேறுவோர் 5.8 சதவீதம் கூடுகிறார்கள். வீடியோ நீளத்தில் 1 சதவீத நேரம் சுழலில் போனாலே பார்க்கும் நேரம் சுமார் 5 சதவீதம் குறைகிறது.

பக்கத்து வீட்டு டிவியில் விக்கெட் விழுந்து கூச்சல் கேட்ட பிறகுதான் உங்கள் போனில் பந்து வீசப்படுவதற்கும் இந்தத் தொட்டிதான் காரணம். எச்எல்எஸ் பிளேயர் வழக்கமாக மூன்று துண்டு பின்தங்கித்தான் தொடங்கும். 6 விநாடித் துண்டு என்றால் அதுவே 18 விநாடி. படத்தைச் சுருக்கி அனுப்பத்தக்க வடிவுக்கு மாற்றும் குறியாக்கம், விநியோகம் எல்லாம் சேர்ந்தால் அரை நிமிடம். துண்டைச் சிறிதாக்கினால் பின்தங்கல் குறையும். ஆனால் தொட்டியும் சிறிதாகும், சின்னத் தடங்கலுக்கே திரை சுற்றும். இந்தப் பேரத்தில் இரண்டு பக்கமும் லாபம் கிடையாது.

## வீடியோ கால்: 150 மில்லி விநாடிதான் கையிருப்பு

காலில் அந்தப் பெரிய தொட்டிக்கு இடமே இல்லை. ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பெரும்பாலும் யாருக்கும் உறுத்தாது, 400-ஐத் தாண்டக் கூடாது என்பது ஐடியுவின் ஜி.114 பரிந்துரை. தோராயமான செலவுக் கணக்கு இது:

1. ஒலியைப் பிடித்துக் குறியாக்க 20 முதல் 30 மில்லி விநாடி.
2. வலையமைப்பில் பயணம் 30 முதல் 50.
3. ஜிட்டரைச் சமன் செய்யப் பெறுமுனையில் வைக்கும் சிறு தொட்டிக்கு 40 முதல் 60.
4. குறிநீக்கி ஸ்பீக்கருக்கு அனுப்ப 20 முதல் 30.

கூட்டினால் 110 முதல் 170. எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளிலேயே கையிருப்பு கிட்டத்தட்டத் தீர்ந்துவிடுகிறது. இதன் மேல் 300 மில்லி விநாடி ஏறினால் பேச்சின் முறை குலைகிறது. “நீங்க சொல்லுங்க”, “இல்ல இல்ல, நீங்க சொல்லுங்க” என்று இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். இதைப் பலரும் ஆடியோ கோளாறு என்று நினைத்து ஹெட்செட்டை மாற்றிப் பார்க்கிறார்கள்.

காலுக்கு அகலம் எவ்வளவு குறைவாகப் போதும் என்பதற்கு பழைய ஜி.711 குரல் முறையைப் பாருங்கள். 20 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட், விநாடிக்கு 50. ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், 40 பைட் தலைப்பு. மொத்தம் 80 கேபிபிஎஸ், அதாவது 0.08 எம்பிபிஎஸ். உங்கள் 100 எம்பிபிஎஸ்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த 50 பாக்கெட்டும் சீரான இடைவெளியில் வர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. தாமதமாக வந்த பாக்கெட்டும் தொலைந்த பாக்கெட்டும் இங்கே ஒன்றுதான். ஒலிக்க வேண்டிய தருணம் போய்விட்டால் அதைத் தூக்கித்தான் எறிய வேண்டும்.

## வரிசை வீங்கும்போது

அந்தச் சீரைக் குலைப்பது பெரும்பாலும் உங்கள் வீட்டு மோடம்தான். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010 வாக்கில் இதற்கு வைத்த பெயர் ‘பஃபர்புளோட்’, பஃபரின் வீக்கம்.

பாக்கெட் தொலையக் கூடாது என்று மோடம் தயாரிப்பவர்கள் தாராளமாக நினைவகம் வைக்கிறார்கள். கோப்பு, புகைப்படம் போன்றவற்றை அனுப்பும் டிசிபி, இழப்பு தெரியும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும் இயல்புடையது. நினைவகம் நிரம்பி வழியும்வரை இழப்பு வராது. எனவே டிசிபி அதை நிரப்பியே வைத்திருக்கும். அப்லோட் 10 எம்பிபிஎஸ், மோடத்தில் 1 மெகாபைட் வரிசை என்றால் அது 8 மெகாபிட். கடைசியில் நிற்கும் பாக்கெட் 0.8 விநாடி காத்திருக்க வேண்டும். அந்தக் கடைசிப் பாக்கெட் உங்கள் குரலாக இருந்தால்?

வழக்கமான காட்சி இதுதான். வெளியூர் போய் வந்தவரின் போன் வீட்டு வைஃபையைப் பிடித்ததும் எடுத்த படங்களை எல்லாம் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்குகிறது. அடுத்த அறையில் ஆன்லைன் வகுப்பு உறைகிறது. இணைப்பு மெதுவாகவில்லை, முழு வேகத்தில்தான் ஓடுகிறது. கோளாறே அதுதான்.

பிளானை மேலே ஏற்றினால் வரிசை சீக்கிரம் கரையும் என்பது உண்மை. ஆனால் பல பிளான்களில் டவுன்லோட்தான் கூடுகிறது, அப்லோட் அப்படியே கிடக்கிறது. சரியான மருந்து வரிசையை ஆள்வது. கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் 2012-இல் வெளியிட்ட ‘கோடெல்’ முறை, வரிசையில் காத்திருப்பு 100 மில்லி விநாடி நேரமாகத் தொடர்ந்து 5 மில்லி விநாடிக்கு மேல் இருந்தால் பாக்கெட்டுகளைக் கைவிடத் தொடங்கும். டிசிபி அதைப் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைக்கும். இதோடு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி வரிசை கொடுக்கும் வடிவம் ‘எஃப்க்யூ-கோடெல்’. குரலின் சின்னப் பாக்கெட்டுகள் புகைப்பட மூட்டைகளுக்குப் பின்னால் நிற்க வேண்டியதில்லை.

ரவுட்டரில் இதை அமைக்கும்போது பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. அளந்த வேகத்தில் 85 முதல் 95 சதவீதத்தை உச்சவரம்பாகக் கொடுக்க வேண்டும். வரிசை எப்போதும் பாதையின் மிகக் குறுகிய இடத்தில்தான் உருவாகும். அந்தக் குறுகிய இடத்தை மோடத்திலிருந்து உங்கள் ரவுட்டருக்கு மாற்றினால்தான் அதை ஆள முடியும். முழு வேகத்தையே கொடுத்தால் வரிசை பழையபடி மோடத்திலேயே சேரும். அமைப்பு இயங்கும், பலன் இருக்காது. மலிவான ரவுட்டரில் இன்னொரு சிக்கல்: இந்த வேலையைப் பிராசஸரே செய்ய வேண்டியிருப்பதால், பெரிய பிளான்களில் அதுவே மூச்சு திணறி வேகத்தைப் பாதியாக்கிவிடும்.

## முன்னுரிமை முத்திரை எங்கே செல்லும், எங்கே செல்லாது

குரலுக்கு முதலிடம் கொடு என்று பாக்கெட்டிலேயே எழுத முடியாதா? முடியும். 1998-இல் தரப்படுத்தப்பட்ட டிஃப்செர்வ் முறையில் ஒவ்வொரு ஐபி பாக்கெட்டின் தலைப்பிலும் 6 பிட் இடம் இதற்கென்றே இருக்கிறது. குரலுக்கு வழக்கமான எண் 46. அலுவலக வலையமைப்புக்குள் இது நன்றாக வேலை செய்யும். வைஃபையிலும் குரல், வீடியோ, பொது, பின்னணி என நான்கு வகை முன்னுரிமை உண்டு.

ஆனால் பொது இணையத்தில் இந்த முத்திரை பெரும்பாலும் முதல் எல்லையிலேயே அழிக்கப்படுகிறது. காரணம் எளிது. எல்லோரும் தம் பாக்கெட்டுக்கு 46 என்று எழுதிக்கொள்ளலாம் என்றால் 46-க்கு மதிப்பு இல்லை. முன் அனுமதி பெற்றுப் பாதை நெடுக இடம் ஒதுக்கும் ஆர்எஸ்விபி முறையும் 1997-இல் வந்தது. ஒவ்வொரு ரவுட்டரும் ஒவ்வொரு அழைப்பையும் நினைவில் வைக்க வேண்டியிருந்ததால் இணைய அளவில் அது எடுபடவில்லை.

ஒரே நிறுவனத்தின் கையில் முழுப் பாதையும் இருக்கும் இடத்தில் மட்டும் உத்தரவாதம் சாத்தியம். அதற்குச் சிறந்த உதாரணம் உங்கள் போனிலேயே இருக்கிறது. ஒரே டவர், ஒரே சிம்; சாதாரண அழைப்பு தெளிவாக இருக்கிறது, வாட்ஸ்அப் கால் விட்டுவிட்டு வருகிறது. சாதாரண அழைப்பு, 4ஜி வழியே குரலைக் கொண்டுசெல்லும் வோல்ட்இயில் போகிறது. 4ஜி தர நிர்ணயத்தில் அதற்கு முதல் வகுப்பு: உறுதியளிக்கப்பட்ட பிட் வேகம், 100 மில்லி விநாடிக்குள் தாமதம், நூற்றில் ஒன்றுக்குள் இழப்பு. வாட்ஸ்அப் கால் மற்ற இணையத்தோடு சேர்ந்து பொதுவாக ஒன்பதாம் வகுப்பில் போகிறது. அங்கே தாமத வரம்பு 300 மில்லி விநாடி, பிட் வேகத்துக்கு உறுதி எதுவும் இல்லை. சிக்னல் கோடுகள் இரண்டுக்கும் ஒன்றுதான்.

## தூரமும் வேகம்தான்

கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னை – சிங்கப்பூர் கடலடிக் கேபிளான ஐ2ஐ சுமார் 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லி விநாடி. எந்தப் பிளான் வாங்கினாலும் இதற்குக் கீழே இறங்காது.

இழப்போடு தூரம் சேர்ந்தால்தான் உண்மையான பாதிப்பு. மரபான டிசிபிக்கு ஒரு தோராயச் சூத்திரம் உண்டு: கிடைக்கும் வேகம், போய்வரும் நேரத்துக்கும் இழப்பின் வர்க்க மூலத்துக்கும் தலைகீழ் விகிதம். 1 சதவீத இழப்பில், சர்வர் 100 மில்லி விநாடி தூரத்தில் இருந்தால் ஒரு இணைப்புக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1.4 எம்பிபிஎஸ். அதே இழப்பில் சர்வர் 20 மில்லி விநாடியில் இருந்தால் 7 எம்பிபிஎஸ். கூகுளின் பிபிஆர் போன்ற புதிய முறைகள் இந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. ஆனாலும் உள்ளடக்கத்தைப் பயனருக்கு அருகே வைப்பதே இன்றும் வலுவான வழி. நெட்ஃபிளிக்ஸ் 2012-இல் அறிவித்த ஓப்பன் கனெக்ட் திட்டத்தில், படங்கள் ஏற்றிய சர்வர் பெட்டிகளையே இணையச் சேவை நிறுவனங்களின் வளாகத்தில் கொண்டுபோய் வைப்பது இதற்காகத்தான். ஸ்பீட் டெஸ்ட் ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. அது பக்கத்திலிருக்கும் சர்வரைத் தேடிப் பிடித்து, பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து அளக்கிறது.

## கோடிக்கணக்கானோர் ஒரே நொடியில்

2023 நவம்பர் 19 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் உச்சகட்டமாக ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். ஆளுக்குச் சராசரி 2 எம்பிபிஎஸ் என்று வைத்தாலே விநாடிக்கு 118 டெராபிட். இதைத் தாங்க வீடியோ பாதை மட்டும் போதாது என்பதற்கு 2019 ஜூலை அரையிறுதி நல்ல பாடம். மான்செஸ்டரில் தோனி ரன் அவுட் ஆனதும், அதுவரை பார்த்துக்கொண்டிருந்த இரண்டரைக் கோடிப் பேரில் பெரும்பாலோர் ஒரே நேரத்தில் பின்செல் பொத்தானை அழுத்தினார்கள். வீடியோ சர்வர்களின் சுமை சரிந்தது. ஆனால் அத்தனை பேரும் வந்து விழுந்த இடம் முகப்புப் பக்கம். பரிந்துரைகள், பார்த்த வரலாறு என்று பல கோரிக்கைகளை அந்தப் பக்கம் ஒரேயடியாக எழுப்பும். பார்வையாளர் குறையும்போதும் சர்வர் விழலாம் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே கூடுதல் சர்வர்களை வைத்திருந்ததும், நெருக்கடியில் பரிந்துரை போன்ற அவசியமற்ற சேவைகளை அணைக்கும் ஏற்பாடு இருந்ததும்தான் காப்பு.

2024 நவம்பரில் மைக் டைசன் – ஜேக் பால் குத்துச்சண்டையை நெட்ஃபிளிக்ஸ் நேரலை செய்தபோது உச்சம் 6.5 கோடி ஓட்டங்கள். திரை சுற்றுவதாகப் புகார்கள் குவிந்தன. முன்பே பெட்டிகளில் ஏற்றி வைத்த படத்தைக் கொடுப்பதில் கைதேர்ந்த நிறுவனம் அது. நேரலையில் முன்பே ஏற்ற எதுவும் இல்லை.

தரத்தை உறுதிசெய்யும் குழு பார்க்க வேண்டியது பிளேயரிலிருந்து வரும் எண்களை: தொடங்கும் நேரம், சுழல் விகிதம், சராசரி பிட் வேகம், தர மாற்றங்களின் எண்ணிக்கை, தொடங்காமலே போனவை. அவற்றை ஊர், இணைய நிறுவனம், போன் மாடல் வாரியாகப் பிரிக்க வேண்டும். சராசரியை நம்பக் கூடாது. 100 அளவீடுகளில் 95 தடவை 20 மில்லி விநாடி, 5 தடவை 600 என்றால் சராசரி 49. அறிக்கையில் அழகாக இருக்கும். வீடியோ கால் ஒவ்வொரு நிமிடமும் 3 விநாடி உடையும்.

## வீட்டில் கண்டுபிடிப்பது எப்படி

1. லேப்டாப்பைக் கேபிளில் ரவுட்டரோடு இணையுங்கள். வேறு எதுவும் ஓடாத நேரத்தில் 8.8.8.8 முகவரிக்கு ஒரு நிமிடம் பிங் விட்டு எண்களைக் குறியுங்கள்.
2. பெரிய கோப்பு ஒன்றை அப்லோட் செய்தபடி மறுபடி பிங் விடுங்கள். 15 இருந்தது 300, 400 ஆனால் வரிசை வீக்கம். மேலே சொன்ன வரம்பை அமையுங்கள்.
3. வைஃபைக்கு மாறி, ரவுட்டரின் முகவரிக்கே பிங் விடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1. சில மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும். அடிக்கடி 100-ஐத் தாண்டினால் சிக்கல் வீட்டுக்குள்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. அடுக்குமாடியில் முப்பது ரவுட்டர்கள் இவற்றைத்தான் பங்கு போடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.
4. கேபிளில், அப்லோட் இல்லாமல், காலையில் நன்றாக இருந்து இரவு 8 முதல் 11 வரை மட்டும் தாமதம் ஏறினால் நெரிசல் நிறுவனத்தின் பக்கம். இதற்கு உங்கள் ரவுட்டரில் மருந்து கிடையாது.
5. பாக்கெட் கடக்கும் ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் டிரேஸ்ரூட் எடுத்தால் நடுவில் ஒரு இடத்தில் மட்டும் இழப்பு தெரிவதைக் கண்டு பதற வேண்டாம். பல ரவுட்டர்கள் இத்தகைய சோதனைக்குப் பதில் சொல்வதை வேண்டுமென்றே குறைத்துக்கொள்கின்றன. அந்த இடத்திலிருந்து கடைசி வரை இழப்பு தொடர்ந்தால்தான் அது இழப்பு.

புகார் கொடுக்கும்போது ஸ்பீட் டெஸ்ட் படத்தை மட்டும் அனுப்பினால், வேகம் சரியாக இருக்கிறதே என்று மூடிவிடுவார்கள். கேபிளில் எடுத்தது என்று குறிப்பிட்டு, மூன்று நாள் இரவு நேர பிங் அளவுகளையும் இழப்பு சதவீதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். 2024 அக்டோபர் முதல் அமலில் உள்ள, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் சேவைத் தர விதிகளில் தாமதம், ஜிட்டர், பாக்கெட் இழப்பு மூன்றும் இருக்கின்றன. புகார் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக அது வேண்டும். தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை.